மறுமொழி: ஃபேட்டல், பேனிக் – என்ன சொல் போடுவது?

வணக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் செய்திகளைத் தமிழாக்கும் வரைவில் ஃபேட்டல் (fatal), பேனிக் (panic) என்ற சொற்களுக்கு என்ன போடுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ஃபேட்டலுக்குக் "கொடிய பிழை" போதுமே. அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது.

அகராதிக்குச் சரி. ஆனால் போஸ்ட்கிரெஸில் இந்தச் சொல் எப்போதெல்லாம் வருகிறது என்று பாருங்கள். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தால் ஃபேட்டல். இணைப்புகள் வரம்பை எட்டிவிட்டால், "மன்னிக்கவும், ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்ற பொருளில் பணிவாக ஒரு செய்தி வருமே, அதற்கு முன்னாலும் ஃபேட்டல்தான். இரண்டிலும் தரவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "கொடிய பிழை: கடவுச்சொல் பொருந்தவில்லை" என்று திரையில் பார்ப்பவர் தரவுத்தளமே போச்சு என்று பதறமாட்டாரா?

எது நின்றுபோனது என்பதைத்தான் இந்தச் சொற்கள் சொல்கின்றன. எரர் என்றால் ஓடிக்கொண்டிருந்த கட்டளை நிற்கிறது. ஃபேட்டல் என்றால் அந்த ஒருவருடைய இணைப்பு போகிறது. மற்றவர்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேனிக் என்றால் எல்லாருடைய இணைப்பும் ஒருசேரப் போகிறது. ஆகவே என் பரிந்துரை: எரருக்குப் புழக்கத்தில் இருக்கும் "பிழை"யே இருக்கட்டும், ஃபேட்டலுக்கு "இணைப்பு முறிவு", பேனிக்குக்கு "வழங்கி முறிவு" (வழங்கி என்றால் சர்வர்). பேச்சுவார்த்தை முறிந்தது என்கிறோமே, அதே முறிவுதான்.

> "அமர்வு முறிவு" இன்னும் துல்லியமாக இருக்குமே?

முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் கடவுச்சொல் தவறும்போது அமர்வே (செஷன், உள்நுழைந்தபின் தொடங்குவது) தொடங்கியிருக்காது. இணைப்பு மட்டும் கிடைத்திருக்கும். இல்லாத அமர்வு எப்படி முறியும்?

> பேனிக்குக்குப் "பீதி"?

பீதி நிர்வாகிக்கு வரும், வழங்கிக்கு வராது.

எரர், ஃபேட்டல், பேனிக் ஆகிய நிலைச்சொற்களை மொழிபெயர்த்தால் அவற்றைப் படிக்கும் நிரல்கள் குழம்பும் என்று ஒருவர் கேட்டிருந்தார். 9.6 பதிப்பிலிருந்து மொழிபெயர்க்காத நிலைச்சொல்லும் தனிப் புலமாகக் கூடவே வருகிறது. நிரல் அதைப் படித்துக்கொள்ளட்டும். பதிவுக் கோப்பை (லாக்) சொல் வைத்துத் தேடுபவர்கள் வழங்கியின் செய்தி மொழியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

அப்புறம், வரைவில் "இயலவில்லை" எல்லா இடத்திலும் புகுந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸின் செய்தி நடை வழிகாட்டி இதில் கறாரானது: முயன்று தோற்றது வேறு, செய்யவே வழியில்லாதது வேறு. வட்டு நிரம்பியதால் கோப்பில் எழுதாமல் போனால் "எழுத முடியவில்லை". இடம் கிடைத்ததும் எழுதிவிடும். அந்த வசதியே கிடையாது என்றால் "முடியாது". இந்த வேறுபாடு தமிழில் தானாகவே இருக்கிறது, அதை ஏன் தொலைக்க வேண்டும்? "முடியவில்லை" என்று கண்டால் பயனர் இன்னொரு முறை முயல்வார், "முடியாது" என்று கண்டால் வேறு வழி தேடுவார்.

கோப்புப் பெயர் வந்து விழும் இடத்தில் வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். பெயருக்குப் பின் "என்ற கோப்பை" என்று போட்டால் எந்தப் பெயருக்கும் பொருந்தும்.

"இணைப்பு முறிவு"க்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் வரைவில் ஏற்றிவிடுகிறேன். டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும் நிலை) என்ற சொல்லைத் தனி இழையில் பேசுவோம், அது பெரிய கதை.