சில்லில ராஜ்மா போடலாமா?

குரூப்: பெரிய வீடு (அமெரிக்கா கிளை)

பிரியா (டல்லாஸ்): வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல சில்லி (காஞ்ச மிளகா போட்ட அமெரிக்கக் கறிக் குழம்பு) சமையல் போட்டி. மாட்டுக்கறி 2 பவுண்டு இருக்கு. ராஜ்மா ஒரு டின் சேக்கலாமா?

சேகர் அண்ணா (சான் அன்டோனியோ): டெக்சஸ்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியா! முதல்ல போட்டி விதியப் படி. 1967ல இருந்து இங்க டெக்சஸ்ல டெர்லிங்குவாங்கற ஊர்ல சில்லி போட்டி நடக்குது, அங்க ராஜ்மா, மக்ரோனி, சோறு எதுவும் உள்ள வரக்கூடாது. கறிய அரைக்காத, அரை இஞ்ச் துண்டா நறுக்கு. காஞ்ச மிளகா ஆஞ்சோ 5, குவாஹியோ 4. காம்பு, விதை எடுத்துட்டு வெறும் சட்டில பக்கத்துக்கு 30 செகண்ட் வறு. கருகிட்டா கசப்பு கடைசி வரை போகாது. வெந்நீர்ல 20 நிமிஷம் ஊறவச்சு அரை. ஊறின தண்ணியும் கசந்தா கொட்டிடு.

பிரியா: ஆஞ்சோக்குப் பதிலா நம்ம மிளகாத்தூள்? ரெசிபில சில்லி பவுடர் 4 டேபிள்ஸ்பூன்னு இருக்கு அண்ணா.

வேலு சித்தப்பா (கன்சாஸ் சிட்டி): ஐயோ வேண்டாம்மா! இங்க சில்லி பவுடர்ங்கறது சீரகம், பூண்டு, ஒரிகானோ எல்லாம் கலந்த காரம் கம்மியான மசாலா. நம்ம தூள அதே அளவு போட்டா ஒருத்தரும் வாயில வைக்க மாட்டாங்க.

சேகர் அண்ணா: மெக்சிகன் கடைல ஆஞ்சோ கிடைக்கும், போய் வாங்கு. பேடகி மிளகால நிறம் வரும், ஆஞ்சோவோட அந்த இனிப்பு வாசனை வராது.

மலர் அக்கா (சின்சினாட்டி): இங்க ஆரம்பமே வேற. 1922ல மாசிடோனியால இருந்து வந்த அண்ணன் தம்பிங்க ஆரம்பிச்ச வழி. அரைச்ச கறிய வறுக்கவே கூடாது. 2 பவுண்டுக்கு 4 கப் பச்சைத் தண்ணில கையால கரைச்சுட்டு அப்புறம்தான் அடுப்பு. வறுத்தா கட்டி கட்டியா நிக்கும். பட்டை, கிராம்பு, ஆல்ஸ்பைஸ் (மிளகு மாதிரி இருக்கற ஒரு மசாலாக் காய்), கொஞ்சம் வினிகர். ராத்திரி ஃபிரிட்ஜ்ல வச்சு, மேல உறைஞ்ச கொழுப்ப வழிச்சு எடு. ஸ்பகெட்டி மேல ஊத்தி செடார் சீஸ் துருவிப் போட்டா த்ரீ வே. வெங்காயமோ ராஜ்மாவோ ஒண்ணு சேந்தா ஃபோர் வே, ரெண்டும்னா ஃபைவ் வே.

சேகர் அண்ணா: பட்டை கிராம்பா? அக்கா, அது குருமா 😂

மலர் அக்கா: இருக்கட்டும்டா. நூறு வருஷமா ஜனங்க வரிசைல நின்னு சாப்பிடற குருமா.

வேலு சித்தப்பா: எங்க பக்கம் ராஜ்மாவும் தக்காளியும் இல்லாம சில்லியே கிடையாது. டின்னுன்னா வெந்ததுதான், கழுவிட்டு கடைசி அரை மணில போடு. காஞ்சதுன்னா ராத்திரி ஊறவச்சு, தண்ணிய மாத்தி, 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்கவிட்டப்புறம்தான் ஸ்லோ குக்கர். நேரா போட்டா பச்சை ராஜ்மால இருக்கற விஷம் போகாது, வாந்தி வரலாம். தக்காளி ராஜ்மா வெந்தப்புறம். புளிப்பு முன்னாடியே சேந்தா தோல் மெத்துனு ஆகாது.

பிரியா: தண்ணியா போயிட்டா?

சேகர் அண்ணா: மாசா ஹரீனா (மெக்சிகன் மக்காச்சோள மாவு) 2 டேபிள்ஸ்பூன் பச்சைத் தண்ணில கரைச்சு கடைசி 15 நிமிஷத்துல ஊத்து. கார்ன்ஃப்ளார் போட்டா வழவழன்னு ஆகிடும். சின்ன தீ, ரெண்டரை மணி நேரம். தளதளன்னு கொதிச்சா கறி நார் நாரா இறுகிடும். சீரகம் வறுத்துப் பொடிச்சு 2 டீஸ்பூன், அதுக்கு மேல போனா மிளகா வாசனை அமுங்கிடும்.

பிரியா: ஆபீஸ் போட்டி விதி பாத்துட்டேன். ராஜ்மாக்குத் தடை இல்ல 🙂

சேகர் அண்ணா: அப்போ தனிக் கிண்ணத்துல வை. பானைக்குள்ள வேண்டாம்.