நெட்வொர்க் வேகம் குறைஞ்சது கெர்னலாலயா, வெயிலாலயா? அளந்து பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

லயத்துப்பிள்ளை:
மலேசியா, சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். வீட்டுப் பின்னறையில மூணு சின்னப் பெட்டி வெச்சிருக்கேன். ஒண்ணு பாக்கெட் (தரவுத் துண்டு) அனுப்பும், நடுவுல இருக்கிறது அதை அடுத்த பக்கம் கடத்திவிடும், மூணாவது வாங்கிக்கும். லினக்ஸ் இயங்குதளத்தோட மையமான கெர்னலோட மூல நிரல்ல புது மாற்றம் சேரச் சேர, நடுப்பெட்டியில அதை ஏத்தி வேகத்தை அளந்து குறிச்சு வெக்கிறேன். மூணு வருசமா இதுதான் வேலை.

ஆரம்பத்துல ஐபெர்ஃப்3ங்கிற வேகம் அளக்கிற நிரலை மட்டும் ஓட்டினேன். எந்த கெர்னல் போட்டாலும் 941 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). கோடு நேரா போகுதேன்னு சந்தோசப்பட்டேன். பிறகுதான் விளங்குச்சு, அது கெர்னலோட வேகம் இல்ல, வயரோட எல்லை. 1500 பைட் பாக்கெட்ல தலைப்புக்கும் இடைவெளிக்கும் போக, ஜிகாபிட் வயர்ல டிசிபிங்கிற தரவு அனுப்பும் முறைக்கு அவ்வளவுதான் மிஞ்சும். கெர்னல் கொஞ்சம் சோம்பேறியானாலும் சிபியு இன்னும் கொஞ்சம் உழைச்சு ஈடு கட்டிடும், கோட்டுல ஒண்ணும் தெரியாது. அதனால 64 பைட் பாக்கெட்டுக்கு மாறினேன். அதே வயர்ல நொடிக்கு 1.488 மில்லியன் பாக்கெட் வரைக்கும் போகலாம். என் பெட்டியால அதைத் தொட முடியாது. எங்கே மூச்சு வாங்குதோ அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

போன வருசம் மார்ச்ல திடீர்னு 7 விழுக்காடு விழுந்துச்சு. அந்த வாரம் சேர்ந்த ஒரு கமிட் (மூலத்துல பதிவான ஒரு மாற்றம்) மேலதான் எனக்குச் சந்தேகம். கெர்னல் எழுதுறவங்களோட அஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப நீளமா ஒரு கடிதமும் எழுதிட்டேன். அம்மாகிட்ட புலம்பினப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "நீ எத்தனை மணிக்கு அளக்கிற?"

அம்மா இருபது வருசம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. விடியறதுக்கு முன்னாடி வெட்டினா பால் ஓடும், வெயில் ஏறினா அதே மரம் அதே கத்தி, ஆனா ஓட்டம் குறைஞ்சுடும். இலை உதிர்ற மாசத்துல இன்னும் மோசம். தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி வெறும் எடையை மட்டும் எழுத மாட்டாராம், மழையையும் சேர்த்து எழுதுவாராம். இல்லேன்னா கஷ்டம் வெட்டுறவங்க தலையில விடியும்.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு ஷிப்ட் மாறினதால அந்த வாரத்துல இருந்து காலை 4 மணி ஓட்டத்தை மதியம் 2 மணிக்கு மாத்தியிருந்தேன். ஜிங் (தகர) கூரை, விசிறி இல்லாத பெட்டி. பழைய கெர்னலைத் திரும்ப ஏத்தி மதியம் ஓட்டினேன். அதுவும் அதே 7 விழுக்காடு கீழ! சூடு ஏறினதும் சிபியு தானா வேகத்தைக் குறைச்சுக்கிட்டு இருந்திருக்கு. கடிதத்தை அழிச்சேன். அனுப்பியிருந்தா, எங்கேயோ ஒருத்தர் செய்யாத தப்பைத் தேடி ரெண்டு நாள் கண்ணு முழிச்சிருப்பார். அதை நினைச்சா இப்பவும் மனசு பதறுது.

இப்ப பழசு, புதுசு, பழசு, புதுசுன்னு மாத்தி மாத்தித்தான் ஓட்டுறேன். ஒவ்வொரு வரியிலயும் நேரம், சூடு, கெர்னல் எண், கட்டமைப்பு எல்லாம் இருக்கும். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க.

செம்பனைக்காட்டான்:
94 எம்பிபிஎஸ்னு ஒரு எண் வந்தா கெர்னலைத் தொடாதீங்க, வயரைப் பாருங்க தம்பி. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேணும், நூறுக்கு ரெண்டு ஜோடி போதும். எங்க எடைப்பாலத்து அறையில எலி ஒரு ஜோடியைக் கடிச்சு வெச்சிருந்துச்சு. கெர்னல் மாத்தின அதே ராத்திரி! மூணு நாள் மூலத்தையே நோண்டிக்கிட்டு இருந்தேன்.

கிராணி மகள்:
என் அனுபவம் நேர்மாறானது. என்னிடம் வேகக் கோடு அசையவே இல்லை. ஆனால் தங்கை வீடியோ வகுப்பில் உட்கார்ந்தால் குரல் விட்டு விட்டு வரும். ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எடுக்கும் பிங் நேரத்தையும் அளக்கத் தொடங்கிய பிறகே, ஒரு கெர்னல் பதிப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவியபோது தாமதம் கூடியது தெரிந்தது.

எந்த கமிட்டில் கோளாறு வந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் ஓட்டினேன். இரண்டு பதிப்புகளுக்கு நடுவே ஏறக்குறைய 14,000 கமிட். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 14 படியில் முடிந்துவிடும். படிக்கு ஒரு முறைதான் அளந்தேன். கடைசியில் அது காட்டியது ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்திய ஒரு கமிட்! நடுவில் ஒரே ஒரு படியில் நல்லதைக் கெட்டது என்று சொல்லியிருக்கிறேன், மிச்ச வழி முழுக்கத் தப்பாகப் போய்விட்டது. அழுகையே வந்தது.

இரண்டாம் முறை படிக்குப் பன்னிரண்டு ஓட்டம். சராசரி பார்க்கவில்லை, வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தேன். நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் நிரலில் போய் நின்றது. பாக்கெட் வந்ததும் சிபியுவை எழுப்பாமல், கொஞ்சம் சேர்த்து வைத்து ஒரே தடவையில் எழுப்பும்படி மாற்றியிருந்தார்கள். சிபியுவுக்கு நல்லது, குரலுக்குக் கெட்டது. கார்டு அமைப்பை மாற்றும் ஈத்டூல் கருவியில் அந்தக் காத்திருப்பைக் குறைத்ததும் பழைய நிலைக்கு வந்தது. எண்களோடு டிரைவர் பராமரிப்பாளருக்கு எழுதினேன், மறுநாளே கேள்விகளுடன் பதில் வந்தது. இன்டெல் நடத்தும் கெர்னல் டெஸ்ட் ரோபோவும் இப்படி அளந்து கடிதம் அனுப்புகிறது. ஆனால் நம் வீட்டில் இருக்கும் இந்தச் சின்னப் பெட்டியை நாம்தான் அளக்க வேண்டும், நிஜமாகவே அதற்கு மதிப்பு இருக்கிறது.

ஈப்போரோட்டுக்காரன்:
நான் ஓட்டுறது ஓபன்பிஎஸ்டி, லினக்ஸ் மாதிரி வேறொரு இயங்குதளம். இதுல வேற சங்கடம். 2017 அக்டோபர்ல வந்த 6.2 பதிப்புல இருந்து, பாதுகாப்புக்காக கெர்னலோட துண்டுகளை வரிசை மாத்தித் திரும்ப இணைக்குது, அடுத்த பூட்டுக்குப் புது அடுக்கு. மூலம் ஒரு எழுத்துகூட மாறலேன்னாலும் நினைவகத்துல அடுக்கு மாறும், சிபியுவோட வேக நினைவகமான கேஷ்ல மோதுற இடம் மாறும், எண்ணும் ஆடும். அதனால ஒவ்வொரு நாளோட மூலத்துக்கும் அஞ்சு தடவை ரீபூட் பண்ணி, எவ்வளவு ஆடுதுன்னு முதல்ல பார்க்கிறேன். அந்த ஆட்டத்தைத் தாண்டினாத்தான் அதைப் பத்தி வாய் திறப்பேன். மூலத்தோட பழைய பதிப்புகளைச் சேமிச்சு வெக்கிற சிவிஎஸ்ல தேதி கொடுத்தே பழைய மூலத்தை எடுத்துக்கலாம், அதுல கஷ்டமில்ல.

படிவம்_ஆறு:
அண்ணே, என்கிட்ட ஒரே ஒரு மடிக்கணினிதான். அதுக்குள்ளயே அனுப்பி அதுக்குள்ளயே வாங்கி அளந்தா சரியா வருமா?

லயத்துப்பிள்ளை:
அது லூப்பேக் தம்பி. டிசிபி பகுதியில நடக்கிற மாற்றம் கொஞ்சம் தெரியும், ஆனா கார்டும் டிரைவரும் வயரும் கணக்குலயே வராது. கிராணி மகள் சொன்னது உன் மெஷின்ல நடந்திருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது. சனிக்கிழமை வீட்டுக்கு வா, என் மூணாவது பெட்டியை எடுத்துக்கிட்டுப் போ, எஸ்டிபிஎம் பரீட்சை முடிஞ்சதும் திருப்பிக் கொடு. விடியக்காலை 5 மணிக்கு வந்தா இன்னும் நல்லது, முதல் ஓட்டத்தைச் சேர்ந்தே போட்டுடலாம். அம்மா அந்த நேரத்துக்கு எப்பவும் முழிச்சுத்தான் இருப்பாங்க.