ஒருமுறை பயன்படுத்தும் மருந்து பம்ப் பினாங்கில் எங்கே கிடைக்கும்?

அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் குடல் புற்றுநோய். 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை 46 மணி நேரம் வீட்டிலிருந்தபடியே ஏற்றலாம் என்கிறார் டாக்டர். அதற்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பலூன் பம்ப் வேண்டும். பேட்டரியோ கரண்டோ தேவையில்லை. உள்ளிருக்கும் ரப்பர் பை சுருங்கச் சுருங்க மருந்து மெல்ல இறங்கும். அம்மா வார்டில் படுக்காமல் தன் கட்டிலிலேயே தூங்கலாம், எனக்கு அதுதான் பெரிது.

இரண்டு வாரத்துக்கு ஒரு பம்ப். பினாங்கில், பட்டர்வொர்த் பக்கமானாலும் சரி, சில்லறையாகத் தரும் சப்ளையர் யார்? என்ன விலை வரும்? மலேசியாவின் 2012 மருத்துவச் சாதனச் சட்டப்படி பதிவானது மட்டுமே வேண்டும். ஆன்லைனில் மலிவாக வருவதைத் தொடமாட்டேன். சூடு கூடினால் மருந்து வேகமாக இறங்குமாம். வீட்டில் பயன்படுத்தியவர்கள் இந்த வெயிலில் எப்படிச் சமாளித்தீர்கள்? அடுத்த வாரமே சிகிச்சை தொடங்குகிறது, தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.