தட்டுவடை செட்டு: கேரட், பீட்ரூட் கலரால உடம்புக்கு ஏதாவது உண்டா?

கிச்சிப்பாளையத்தான்:
ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னி, வெங்காயம், காய்த் துருவல் வச்சுத் தர்றதுதான் செட்டு. "செட்டுல கேரட், பீட்ரூட் துருவல் இருக்கு, கண்ணுக்கும் ரத்தத்துக்கும் நல்லது"ன்னு சேலத்துல சொல்லிச் சொல்லியே ரெண்டாவது செட்டு வாங்கறாங்க. கணக்கு போடுவோம். ஒரு செட்டுக்குக் கேரட் 10 கிராம்னு வைங்க. அதுல பீட்டா கரோட்டின், அதாவது உடம்பு வைட்டமின் ஏ-வா மாத்திக்கற ஆரஞ்சு நிறமி, சுமார் 0.8 மில்லிகிராம். அமெரிக்கக் கணக்குப்படி 12 பங்கு பீட்டா கரோட்டினுக்கு 1 பங்குதான் வைட்டமின் ஏ, அதாவது சுமார் 70 மைக்ரோகிராம். அதே கணக்குல ஒரு நாள் தேவை ஆணுக்கு 900 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 700.

ஏற்காட்டு மிளகு:
அளவு கம்மிதாங்கண்ணா. ஆனா கரோட்டின் எண்ணெயில கரையறது. பச்சைக் கேரட்டைக் கடிச்சுத் தின்னா பெரும்பகுதி சக்கையோட போயிடும். துருவுனா செல் சுவர் உடையுது, பொரிச்ச தட்டுவடையில எண்ணெயும் இருக்கு. செட்டைப் பிரிச்சுப் பாருங்க: எண்ணெய் பட்ட இடத்துல ஏறியிருக்கற ஆரஞ்சு, கேரட்டோடது. விரல்ல ஒட்டுன சிவப்பு தண்ணியில போயிடும், அது பீட்ரூட்டு.

கிச்சிப்பாளையத்தான்:
எண்ணெய்தான் வேணும்னா 100 கிராம் கேரட்டைப் பொரியல் பண்ணலாமே! அதுக்கு எதுக்குங்க தட்டுவடை?

குகை வாசி:
ரெண்டு பேரும் அடிச்சுக்கறதுக்கு கரோட்டின் மாத்திரை போட்டா முடிஞ்சுதே?

ஏற்காட்டு மிளகு:
அதை மட்டும் செய்யாதீங்க. பின்லாந்துல புகைபிடிக்கற ஆண்களுக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தாங்க. 1994-ல முடிவு வந்தப்ப, மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். காயில இருக்கறப்ப நல்லதுங்கறதால மாத்திரையிலயும் நல்லதாயிடாது.

கிச்சிப்பாளையத்தான்:
இதுல ஒத்துப் போறேன். ஆனா பீட்ரூட் கலர் ரத்தத்துக்கு நல்லதுங்கறதை ஒத்துக்க மாட்டேன். பிரஷரைக் கொஞ்சம் குறைக்கறது அதோட சிவப்பு இல்லீங்க, அதுல இருக்கற நைட்ரேட்டுங்கற உப்பு. வாயில இருக்கற பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தினாத்தான் வேலையே நடக்கும். கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிச்சா அதுவும் போச்சு. நிறமி பீட்டலைன், அதுக்குன்னு தனியா பெருசா நிரூபிச்சது கிடையாது.

ஏற்காட்டு மிளகு:
சரி, ஆனா ரெண்டும் தண்ணியில கரையறது. தட்டுவடை நமத்துடும்னு துருவலைப் பிழிஞ்சு கொட்டுனா நிறமி, நைட்ரேட்டு ரெண்டும் சாக்கடைக்குத்தான். வேகவைக்கறப்பவும் இதே கதை: தோல் சீவாம, வேரும் ரெண்டு விரற்கடை தண்டும் விட்டு முழுசா வேகவைங்க, ஆறினப்புறம் தோலை உரிங்க. நறுக்கிப் போட்டா தண்ணி சிவக்கும், காய் வெளுக்கும். ரொம்ப நேரம் கொதிச்சா அந்தச் சிவப்பே பழுப்பாயிடும். நாலு சொட்டு எலுமிச்சை விட்டா கொஞ்சம் தாங்கும்.

குகை வாசி:
பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் ஒண்ணுக்குச் சிவப்பா போகுதே?

ஏற்காட்டு மிளகு:
சிலருக்கு அப்படித்தான், பீட்டலைன் அப்படியே வெளிய வருது. பீட்ரூட்டே சாப்பிடாம சிவந்தா டாக்டரைப் பாருங்க.

கிச்சிப்பாளையத்தான்:
பிழியாம வச்சா பத்து நிமிஷத்துல தட்டுவடை சவசவன்னு ஆயிடும். கடைக்காரர் என்ன பண்ணுவார்?

ஏற்காட்டு மிளகு:
ஆள் வந்தப்புறம் துருவணும். கெட்டிச் சட்னி, வெங்காயம், கேரட்டு, எல்லாத்துக்கும் மேல பீட்ரூட்டு. வாங்குனவங்க நின்ன இடத்துலயே வாயில போட்டுக்கணும், பார்சல் கட்டக் கூடாது.