ப்ரொவிஷனல் என்றால் என்ன? மலையிலிருந்து வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரி

மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்த போன் காலை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது.

யூ.கே.யில் எம்.எஸ்ஸி.க்குப் போட்டிருந்தேன். கண்டிஷனல் ஆஃபர் வந்தது. வீட்டில் யாரும் முதல் சொல்லைப் படிக்கவில்லை, இரண்டாவது சொல்லை மட்டும் படித்தோம். அப்பா டீ பேக்டரியில் கூட வேலை செய்யும் எல்லாருக்கும் வர்க்கி வாங்கிக் கொடுத்துவிட்டார். கண்டிஷனும் பெரிதாக இல்லை. டிகிரி முடித்திருக்க வேண்டும், 60 சதவீதம் வேண்டும். எனக்கு 71. அப்புறம் என்ன? அதைக் காட்டி ஆஃபர் அன்கண்டிஷனல் ஆனால்தான் சி.ஏ.எஸ். எண் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் உறுதி எண்) வரும், அது வந்தால்தான் விசா. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல். ஜூலைச் சாரல். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், கக்கத்தில் ஃபைல். அட்மிஷன்ஸ் அம்மா கேட்டார்: "உங்கள் ரிசல்ட் ப்ரொவிஷனலா?" நான் பெருமையாக, "எஸ் மேடம், ப்ரொவிஷனல், ப்ரொவிஷனல்" என்று இரண்டு தடவை சொன்னேன். நமக்கு ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட் கைக்கு வந்துவிட்டால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். பட்டமளிப்பு விழா எப்போது நடந்தால் என்ன? அவருக்கோ அந்தச் சொல், "மதிப்பெண் இன்னும் முடிவாகவில்லை, மாறலாம்" என்று கேட்டிருக்கிறது. "சரி, ஃபைனல் ஆனதும் பார்ப்போம்" என்றார். நானும் தேங்க்யூ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அவர் அனுப்புவார் என்று நான் காத்திருந்தேன். நான் அனுப்புவேன் என்று அவர் காத்திருந்தார். ஐந்து வாரம்! சீனியர் அக்கா ஒருவர் சொல்லித்தான் விஷயமே புரிந்தது. அப்புறம் கோயம்புத்தூருக்கு இரண்டு தடவை இறங்கி, "எல்லாத் தேர்விலும் தேறிவிட்டார், பட்டம் பெறத் தகுதி உண்டு, விழா மட்டும் பாக்கி" என்று ஒரு கடிதம் வாங்கினேன். அதற்குள் செப்டம்பர் போய்விட்டது. டிஃபர் செய்து, அதாவது சேர்க்கையைத் தள்ளிப்போட்டு, ஜனவரியில் சேர்ந்தேன்.

உங்களை எந்தச் சொல் மாட்டிவிட்டது?

குந்தா மழை

எங்களுக்குச் சொல் இல்லை, எண்.

அண்ணன் பி.இ. முடித்து ஜெர்மனிக்குப் போட்டான். அதற்கு, நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று வேண்டும் என்று 2022 நவம்பரில் கொண்டுவந்தார்கள் இல்லையா, அந்த அலைச்சலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தனிக்கதை ஆகும், விடுங்கள். அவன் சி.ஜி.பி.ஏ. பத்துக்கு 8.2. அதை ஜெர்மன் கணக்குக்கு மாற்றினால் 2.08 வந்தது. இலை பறித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் வந்த அம்மா, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல், "எட்டு வாங்கினவனுக்கு ரெண்டு போட்டானுங்களா? யாரைப் பார்த்துக் கேக்கணும்?" என்றார்.

அங்கே 1 தான் உச்சம், 4 தொட்டால் பாஸ் என்று அண்ணன் விளக்கினான். அம்மா நம்பவில்லை. அவன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றே நினைத்தார். அன்று ராத்திரி அவனுக்கு மட்டும் முட்டை தோசை.

கணக்கு இதுதான்: உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை உச்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். அண்ணன் முதலில் பாஸ் என்பதை 4 என்று போட்டுவிட்டு 1.9 என்று குதித்தான். மார்க் ஷீட்டுக்குப் பின்புறம் பார்த்தால் பாஸ் 5. அப்படித்தான் அது 2.08 ஆனது. ஒரு எண் மாறியதில் கட்டாஃப் கைவிட்டுப் போன இடங்களும் உண்டு.

பண்ணைக்காடு காபி

கோத்தகிரி சகோதரி, தப்பாக நினைக்க வேண்டாம், இது சொல்லின் தவறு இல்லை. ஆஃபர் லெட்டரில் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று எழுதித்தான் இருக்கும். கடைசிவரை படித்திருந்தால் தொட்டிமேல் ஏறியிருக்கவே வேண்டாம்.

என் கதை சின்னது. கனடாவில் ஒரு வருடம் போஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட் படித்தேன். வீட்டில் எல்லாரும் அதை மாஸ்டர்ஸ் என்றே சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. திரும்பி வந்து ஒரு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கப் போனேன். அங்கிருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதுகலைப் பட்டம் எங்க தம்பி?" என்றார். அதுதான் சார் என்றேன். "இதுல டிகிரின்னு எங்கயும் இல்லையே" என்றார். இல்லைதான். அங்கே காலேஜ் வேறு, யுனிவர்சிட்டி வேறு. காலேஜ் பெரும்பாலும் டிப்ளமோவும் சர்டிஃபிகேட்டும் தரும் இடம். நமக்குத்தான் எல்லாமே காலேஜ்.

புதிதாகப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். யூ.கே.யில் காலேஜ் என்றால் பல இடங்களில் நம் பிளஸ் டூ மாதிரி, 16 வயதுக்கு மேல் ஏ லெவல் படிக்கும் இடம். "காலேஜ் முடித்துவிட்டேன்" என்று அங்கே போய்ச் சொன்னால் பள்ளிக்கூடம் முடித்த பையன் என்று நினைப்பான். அமெரிக்காவிலோ யுனிவர்சிட்டியையே ஸ்கூல் என்பார்கள். கிராஜுவேட் ஸ்டூடண்ட் என்றால் டிகிரி முடித்தவன் இல்லை, மாஸ்டர்ஸோ பிஹெச்.டி.யோ படித்துக்கொண்டிருப்பவன். ஃபேகல்டி என்றால் அமெரிக்காவில் ஆசிரியர்கள், யூ.கே.யில் துறைகளின் தொகுப்பு. டிரான்ஸ்கிரிப்ட் என்பது மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து கெஜட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்குவது இல்லை. பல்கலைக்கழகமே எல்லா செமஸ்டரையும் ஒரே தாளில் தொகுத்துக் கொடுப்பது, பல இடங்களில் முத்திரை வைத்த உறையில்தான் கேட்பார்கள், உறையைப் பிரித்தால் செல்லாது. சதவீதத்தை 25-ஆல் வகுத்து நாலுக்கு ஜி.பி.ஏ. கண்டுபிடிக்கிற வேலை வேண்டாம், உள்ளதை உள்ளபடி போடுங்கள். யூ.கே.யில் டூ ஒன் என்றால் விகிதம் இல்லை, அப்பர் செகண்ட் கிளாஸ். அவர்கள் கணக்கில் 60-இலிருந்து 69 வரை, 70 தொட்டாலே ஃபர்ஸ்ட். பிளஸ் டூ முடித்து அங்கே டிகிரிக்குப் போகிறவர்கள் யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் ஒன்றை ஃபர்ம் என்றும் ஒன்றை இன்ஷூரன்ஸ் என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எல்.ஐ.சி. இல்லை, முதல் இடம் தவறினால் கைகொடுக்கும் இரண்டாம் இடம். சாண்ட்விச் கோர்ஸ் என்று பார்த்தால் சிரித்துவிட்டுத் தாண்டாதீர்கள், படிப்புக்கு நடுவில் ஒரு வருடம் வேலை அனுபவம் வரும் படிப்பு அது. மூன்று வருட பி.எஸ்ஸி. வைத்துக்கொண்டு அமெரிக்காவில் மாஸ்டர்ஸுக்குப் போடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள், சில இடம் ஏற்கும், சில இடம் ஏற்காது. அப்புறம் கனடாவில்...

கோத்தகிரிக்காரி

தம்பி, நான் கேட்டது கதை. கோனார் நோட்ஸ் இல்லை.

லெட்டரைப் படித்தேன். "ஃபைனல் டிகிரி சர்டிஃபிகேட்" என்று இருந்தது. ஃபைனல் இயர் சர்டிஃபிகேட் என்று நினைத்தேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

சேரம்பாடி டேன்டீ லைன்

நீங்கள் எல்லாரும் இங்கிருந்து போன கதை சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் அங்கிருந்து இங்கே வந்தாள்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தாத்தா குடும்பத்தில் பாதி கூடலூர்ப் பக்கம் வந்தது, பாதி இலங்கையில் ஹட்டனிலேயே நின்றுவிட்டது. நின்றுவிட்ட அத்தையின் மகள் இங்கே நீலகிரியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர வந்தாள். நான் துணைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர், "பிளஸ் டூல 600-க்கு எவ்வளவும்மா?" என்றார். அவளுக்கு மார்க்கே கிடையாது. அங்கே நம் பிளஸ் டூ மாதிரியான உயர் தரத்தில் பிரதான பாடம் மூன்று, அதற்கு எழுத்துதான் வரும். "ரெண்டு சி, ஒரு எஸ்" என்றாள். அப்படி என்றால் என்ன என்று அவர் கேட்டார். அவள் பயபக்தியாக எழுந்து நின்று, "ரெண்டு திறமைச் சித்தி, ஒரு சாதாரண சித்தி சேர்" என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்க சித்தியைப் பத்தி நான் கேக்கலம்மா, நீ எத்தனை மார்க்?"

நான் சிரித்துவிட்டேன். இவள் முகம் சுருங்கிவிட்டது. தேர்ச்சியை அவர்கள் சித்தி என்பார்கள் என்று நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளன் வேலை! அதோடு முடியவில்லை. தாளில் இசட் ஸ்கோர் 0.58 என்று இருந்தது. "ஒரு சதவீதம்கூட இல்லையே" என்றார் அவர். அந்த வருடம் எழுதிய மற்றவர்களின் சராசரிக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று காட்டும் எண் அது, பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் சராசரியைத் தாண்டியவள் என்று சொன்னேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2018 வரை 1200-க்குப் போட்டதை 2019-இலிருந்து 600-க்குப் போட்டதையே நாம் எத்தனை பேருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறோம்?

கடைசியில் டெல்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடமிருந்து இணைத்தகுதிச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அது வந்தபிறகு சரியாகிவிட்டது. வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு வேறு செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் "வெளிநாட்டு மாணவர்" என்ற கட்டத்தில் டிக் போடும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எங்கள் வீட்டு லைனிலேயே தங்கி, தாத்தா படத்துக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவள்.

பூம்பாறை அம்மா

கோத்தகிரிப் பெண்ணே, நீ எழுதின டிஃபர் என்ற சொல்தான் என்னையும் கவிழ்த்தது, ஆனால் நேர் எதிராக.

என் மகள் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு ஏர்லி டிசிஷனில் போட்டாள். கிடைத்தால் வேறு எங்கும் போக மாட்டேன் என்று அவள், நான், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம். டிசம்பர் நடுவில் பதில் வந்தது, டிஃபர்ட் என்று. அடுத்த வருடம் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் அக்கா மகன் லண்டனுக்கு அப்படித்தானே போனான்! உறைபனிக் காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு வந்து, "ஒரு வருஷம் வீட்டுல இரு, பூண்டு வியாபாரத்தைப் பார்த்துக்க" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சீட்டுக் கிடைத்த பிள்ளை ஏன் அழுகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். இப்போதைக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்து மறுபடியும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒரு நன்மை, அந்தக் கையெழுத்தின் கட்டு விட்டுப்போயிற்று, வேறு இடங்களுக்கும் போடலாம். அரையாண்டு மதிப்பெண்ணை அனுப்பினோம். அங்கே கிடைக்கவில்லை, வேறு இடத்தில் கிடைத்தது. நான் ஏற்றின சூடம்தான் இன்னும் மனதில் புகைகிறது.

பண்ணைக்காடு காபி

அம்மா, டிஃபர் வேறு, வெயிட்லிஸ்ட் வேறு, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்...

கோத்தகிரிக்காரி

வேண்டாம் தம்பி.

லவ்டேல் ஸ்டேஷன்

படித்துக்கொண்டிருந்தவன், இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். எனக்கு ஒரு அரியர்கூடக் கிடையாது. அதைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்காமலேயே "நோ அரியர்ஸ்" என்று ஒரு சான்று வாங்கி யூ.கே.க்கு அனுப்பினேன். பதில் மெயில் இப்படி வந்தது: உங்கள் பழைய கல்லூரிக்கு நீங்கள் கட்டணப் பாக்கி வைக்கவில்லை என்பதை அறிந்து மகிழ்ச்சி, ஆனால் நாங்கள் அதைக் கேட்கவில்லை.

மூன்று வருடம் ராத்திரி கண்விழித்துப் படித்ததற்கு இதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.