பாயின்ட் காலணியில் நிற்கக் கணுக்கால் வலுப்பெற என்ன பயிற்சி? உதவி தேவை

மண்டபம் வாசகி:
வணக்கம். என் மகள் இணையவழியில் பாலே என்ற மேற்கத்திய நடனம் கற்று வருகிறாள். விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் காலணியும் வாங்கிவிட்டோம். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தினாலே கணுக்கால் நடுங்கி, பாதம் சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது. வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளை விரைவாகக் கூறுங்கள்.

தொண்டி பிசியோ:
சகோதரி, மகளுக்கு வயது என்ன? எத்தனை ஆண்டுகளாகக் கற்கிறாள், வாரத்துக்கு எத்தனை வகுப்பு, வலி உண்டா என்பவை தெரியாமல் எதுவும் சொல்வது முறையன்று.

உச்சிப்புளி ஓட்டக்காரர்:
அரியமான் கடற்கரை அருகில்தானே இருக்கிறது! தினமும் காலையில் ஈரமணலில் வெறுங்காலுடன் நடக்கச் சொல்லுங்கள். கணுக்காலுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது.

பாலே ரசிகர்:
இதைப் பற்றி இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். புதியவர்கள் தேடிப் படிப்பதே இல்லை. 1832இல் பாலே கலைஞர் மரீ தாலியோனி 'லா சில்ஃபீட்' என்ற நாட்டியத்தை ஆடியபோது, இன்றைய காலணியில் விரல்களைத் தாங்கும் கடினமான முனைப்பெட்டி கிடையாது. நுனியில் நூலால் தைத்து உறுதியாக்கிய மெல்லிய சாட்டின் காலணியில்தான் அவர் விரல்நுனியில் நின்றார். வலிமை பாதத்தில் இருக்க வேண்டும் என்ற அடிப்படையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

கீழக்கரை நடனம்:
முதலில் பரதம் கற்பியுங்கள். முன்பாதத்தில் குதித்துக் குதிகாலைத் தரையில் தட்டும் குதித்து மெட்டு அடவு முன்பாதத்துக்குத் தரும் உறுதியை வேறெதுவும் தராது.

பாலே ரசிகர்:
அந்த அடவில் முழங்கால் அரைமண்டியில் மடங்கியிருக்கும்; குதிகால் உடனே தரையில் இறங்கிவிடும். பாயின்டில் முழங்கால் நீண்டிருக்க, முழு எடையும் விரல்நுனியில் நிற்கிறது. இரண்டையும் ஒப்பிடுவது அறியாமை.

கீழக்கரை நடனம்:
ருக்மிணி தேவி அருண்டேல் பாலே கற்ற பிறகே பரதத்துக்கு வந்தார். ஒன்றின் பயிற்சி மற்றொன்றுக்கு உதவாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தொண்டி பிசியோ:
இந்த விவாதத்தைத் தனி இழையில் தொடருமாறு இருவரையும் வேண்டுகிறேன். குழந்தையின் வயது இன்னும் தெரியவில்லை.

மண்டபம் வாசகி:
வயது 11. ஓராண்டாகக் கற்கிறாள், வாரம் ஒரு வகுப்பு. வலி இல்லை.

தொண்டி பிசியோ:
அப்படியானால் காலணியை இப்போது அணிவிக்க வேண்டாம். 12 வயதுக்கு முன் பாயின்ட் தொடங்கக் கூடாது என்றும், வாரம் ஒரு வகுப்பு மட்டும் செல்வோருக்கு அது உகந்ததன்று என்றும், இரண்டு வகுப்பு செல்வோர்கூடப் பயிற்சியின் நான்காம் ஆண்டில்தான் தொடங்கலாம் என்றும் நடன மருத்துவ அறிவியலுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. வளரும் எலும்புகள் என்பதோடு, இடுப்பும் வயிற்றுத் தசைகளும் உடலைத் தாங்கப் பழகாவிட்டால் அந்தச் சுமை முழுவதும் கணுக்காலில் இறங்கும் என்பதும் இதற்குக் காரணம்.

சுண்டுவிரல் பக்கம் சாய்வதற்கு, கெண்டைக்காலின் வெளிப்புறத் தசை வலுவற்றிருப்பது காரணமாக இருக்கலாம். இரு கணுக்கால்களுக்கும் இடையே டென்னிஸ் பந்தை வைத்து, அது நழுவாதபடி மெதுவாகக் குதிகாலை உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்கட்டும். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி, அதன் இழுவிசைக்கு எதிராகப் பாதத்தை வெளிப்புறம் தள்ளுவதும் நல்லது. விரல்களைச் சுருட்டாமல் உள்ளங்கால் வளைவை மட்டும் மேலே இழுக்கும் பயிற்சியை நாற்காலியில் அமர்ந்தே செய்யலாம். முழங்காலை நீட்டியபடி ஒற்றைக் காலில் 20 முறை சாயாமல் உயர்த்த முடிந்தபின், நேரில் பாதத்தைப் பார்க்கக்கூடிய ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உச்சிப்புளி ஓட்டக்காரர்:
ஈரமணலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே ஐயா?

தொண்டி பிசியோ:
கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், நடக்கும்போது கடல் பக்கத்துப் பாதம் வெளிப்புறமாகச் சாயும். இந்தக் குழந்தைக்கு அதுவே குறை. வீட்டின் சமதளத் தரையே போதும்.

மண்டபம் வாசகி:
பந்துப் பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். வலக்காலில் பந்து நிற்கிறது, இடக்காலில் நழுவுகிறது. நன்றி.

தொண்டி பிசியோ:
பந்து இரு கால்களுக்கும் இடையில் இருக்க வேண்டும், சகோதரி. எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு படம் அனுப்ப முடியுமா?