கீபோர்டு எழுத்தை விழுங்குகிறது, மவுஸ் தத்துகிறது: மின்ட் மாற்றிய பிறகுதான்

மெய்ப்பு_அக்கா (பெங்களூரு, ஸ்ரீராமபுரம்)

வணக்கம். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. 17 வருடமாக வீட்டிலிருந்தே தமிழ்ப் புத்தகங்களுக்கு டைப் அடித்து, மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். தமிழ்99 விசை அமைப்பில்தான் அடிப்பேன், விசைப்பலகையைப் பார்க்க மாட்டேன். பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, என் லேப்டாப்பில் 11 ஏறாது என்றார்கள். ஒயிட்ஃபீல்டில் இருக்கும் என் அக்கா பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டு விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாளிலிருந்தே வயர்லெஸ் கீபோர்டு எழுத்தை விழுங்க ஆரம்பித்துவிட்டது. 'வந்தான்' என்று அடித்தால் 'வந்தான' என்று நிற்கிறது. புள்ளி போன இடம் தெரியவில்லை. சில நேரம் நேர்மாறாக, விரலை எடுத்த பிறகும் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். நேற்று ஒரு நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் மாப்பிள்ளை 'வந்தாஆஆஆஆ' என்று வந்து இறங்கினார். கல்யாண வீட்டில் ஒப்பாரி.

மவுசும் அப்படித்தான். அம்புக்குறி தத்தித் தத்திப் போகிறது. இரண்டுக்கும் ஒரே ரிசீவர், நகம் அளவுக்கு ஒரு சின்னத் துண்டு, லேப்டாப்பின் இடது பக்கத்தில் செருகியிருக்கிறது.

நான் செய்து பார்த்தவை: பேட்டரி இரண்டு முறை மாற்றினேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன் (முறுக்குத் தூள் வந்தது, பலன் இல்லை). இதே கீபோர்டை மாடிவீட்டுப் பையனின் விண்டோஸ் லேப்டாப்பில் போட்டு ஒரு பக்கம் முழுக்க அடித்தேன். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. அப்படியென்றால் குற்றம் மின்ட் மேல்தானே? நாள் முழுக்க இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் பேய் பிடிக்கும், தானே போய்விடும். கீழே தண்ணீர் மோட்டார் போடும்போதோ என்றுகூட நினைத்தேன்.

கர்னல்_கண்ணன்

அக்கா, முதல் சந்தேகம் ஐபஸ் என்ற தமிழ் உள்ளீட்டு மென்பொருள் மேல். அது தடுமாறினாலும் எழுத்து விழும். இங்கிலீஷில் அடித்தாலும் இதே கதையா?

இரண்டாவது, யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட். மின்சாரம் மிச்சப்படுத்த, சும்மா இருக்கும் கருவியைக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தூங்க வைக்கும். ரிசீவர் தூங்கி எழுவதற்குள் முதல் ஓரிரு எழுத்து போய்விடும். டிஎல்பி, பவர்டாப் மாதிரி மின்சாரம் மிச்சப்படுத்தும் மென்பொருள் ஏதாவது அக்கா பையன் போட்டிருக்கிறாரா? ரிசீவருக்கான 'பவர்/கன்ட்ரோல்' கோப்பில் 'ஆட்டோ' என்று இருந்தால் 'ஆன்' ஆக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, டெர்மினலில் சுடோ போட்டு டிமெசெக் -டபிள்யூ (கர்னல் எழுதும் பதிவுகளை உடனுக்குடன் காட்டும் கட்டளை) ஓட விட்டுவிட்டு, பேய் பிடிக்கும் நேரத்தில் அதில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்றோ, 'எரர் -71', 'எரர் -110' என்றோ வந்தால் போர்ட்டோ ரிசீவரோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மெய்ப்பு_அக்கா

தம்பி, இங்கிலீஷிலும் அதே கதைதான். மவுசும் சேர்ந்து தத்துவதால் ஐபஸை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

பவர்/கன்ட்ரோல் பார்த்தேன், ஏற்கெனவே 'ஆன்' என்றுதான் இருக்கிறது. அதோடு, என்னுடையது ஒன்று இரண்டு எழுத்தோடு நிற்கவில்லை. ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் விழுகிறது. தூங்கினவன் எழுந்து வருகிற மாதிரி இல்லை.

டிமெசெக் இரண்டு நாள் ஓட விட்டேன். பேய் பிடித்தபோது அதில் ஒரு வரிகூட வரவில்லை. சுத்தம். கூடவே ஒரு நோட்டில் நேரம் குறித்தேன், பழக்க தோஷம்:

செவ்வாய் காலை 10:01 முதல் 10:08 வரை. மதியம் 12:01 முதல் 12:06. 2 மணிக்குச் சாப்பிடப் போய்விட்டேன். மாலை 4:01, ஐந்து நிமிடம். புதன் காலை 10:01. 12:01, ஆனால் இந்த முறை இருபது நிமிடம் நீண்டது, எழுந்து போய் ரசம் வைத்துவிட்டு வந்தேன். தண்ணீர் மோட்டார் புதன்கிழமை போடவே இல்லை, அதனால் மோட்டாருக்கு விடுதலை.

கர்னல்_கண்ணன்

அக்கா, நோட்டுக்குக் கோடி நன்றி! 10, 12, 4... எல்லாம் இரட்டைப்படை மணி, அதிலும் மணி அடித்த கையோடு. பேய்க்கு இவ்வளவு நேரம் தவறாமை கிடையாது. இது கிரான் வேலை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை. கிரான்டாப் -எல் என்று அடித்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: ஈவிடெஸ்ட் (விசை அழுத்துவதும் விடுவதும் கர்னலுக்கு வருகிறதா என்று காட்டும் மென்பொருள்) நிறுவி, சரியாக 12 மணிக்குக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து நிதானமாக ஒரே ஒரு விசையைத் தட்டித் தட்டிப் பாருங்கள். அழுத்தினால் 1, விட்டால் 0, அழுத்தியே வைத்திருந்தால் 2, 2, 2 என்று ஓடும்.

மெய்ப்பு_அக்கா

கிரான்டாப்பில் ஒரே வரி. '0 */2 * * *' என்று ஆரம்பித்து ஆர்சிங்க் என்று போகிறது. அக்கா பையனுக்குப் போன் போட்டேன். "சித்தி, அதுதான் பேக்கப். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் உங்க ஃபைல் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும், அன்னைக்கே சொன்னேனே" என்கிறான். சொல்லியிருப்பான். நான் அப்போது பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை இருபது நிமிடம் ஏன் என்பதும் புரிந்துவிட்டது. அன்றைக்குக் காலையில்தான் சென்னையிலிருந்து வந்த முந்நூறு பக்க ஸ்கேன் படங்களை இறக்கினேன்.

ஈவிடெஸ்டும் பார்த்தேன். 'ஜே' விசையைத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிட்டேன். 1 வந்தது, அப்புறம் 2, 2, 2, 2... கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், திரையில் 2 ஓடுகிறது. வெகு நேரம் கழித்து 0. உடம்பு சிலிர்த்துவிட்டது, போங்கள்.

ஆக, ஆர்சிங்க் லேப்டாப்பைத் திணறடிக்கிறது, அதுதானே?

கர்னல்_கண்ணன்

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே நேரத்தில் சிஸ்டம் மானிட்டரில் சிபியூ எவ்வளவு என்று பார்த்தீர்களா? ஃபைல் நகலெடுப்பதற்கெல்லாம் விசை விட்ட தகவல் தொலையாது. கர்னலுக்கே அந்த 0 வந்து சேரவில்லை, அதனால்தான் நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாக நினைத்து 2 போட்டுக்கொண்டே இருக்கிறது. கீபோர்டுக்கும் ரிசீவருக்கும் நடுவில்தான் எங்கேயோ போகிறது. எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை.

ஜாலஹள்ளி_ரிடையர்டு

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தம்பி கண்ணன் சரியான வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டார். நான் 31 வருடம் ரேடியோ கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன், அதனால் மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அம்மா, அந்த வெளி ஹார்ட் டிஸ்க் எந்த போர்ட்டில் இருக்கிறது? ரிசீவருக்குப் பக்கத்துப் போர்ட், உள்ளே நீல நிறம், சரிதானே? எல்எஸ்யூஎஸ்பி -டி என்று அடியுங்கள், செருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளும் அவற்றின் வேகமும் வரும். டிஸ்க் வரியின் கடைசியில் 5000எம் என்றும், ரிசீவர் வரியில் 12எம் என்றும் இருக்கும்.

விஷயம் இதுதான். உங்கள் கீபோர்டு ரிசீவரோடு பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். டிஸ்க் பேசுவது யூஎஸ்பி 3, விநாடிக்கு 5 கிகாபிட். அந்த வேகத்தில் கம்பியில் ஓடும் சமிக்ஞையின் ஆற்றல் ஒரு இடத்தில் நிற்காது. பரவலாகச் சிதறும், 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் அதில் தாராளமாக விழும். டிஸ்க்கின் பெட்டி, கேபிள், சாக்கெட் மூன்றிலிருந்தும் அது கசியும். மிக்ஸி ஓடும்போது பழைய ரேடியோ கரகரக்குமே, அதே கதை. மிக்ஸியின் இடத்தில் டிஸ்க், ரேடியோவின் இடத்தில் உங்கள் ரிசீவர். ஒரு விரற்கடை தூரத்தில் மிக்ஸியை வைத்துக்கொண்டு செய்தி கேட்கிறீர்கள்.

இது என் கற்பனை இல்லை. இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது, வயர்லெஸ் மவுசை வைத்தே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த இரைச்சலை வடிகட்டி எடுக்கவும் முடியாது. தரவும் அதே அலைவரிசையில்தான் போகிறது, வடிகட்டினால் தரவும் சேர்ந்து போய்விடும். மறைப்புப் போடலாம், இல்லை தூரம் வைக்கலாம்.

டிமெசெக் ஏன் வாயே திறக்கவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். ரிசீவருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே யூஎஸ்பி இணைப்பு ஆரோக்கியமாக இருக்கிறது. காற்றில் தொலைந்த எழுத்தைப் பற்றிக் கர்னலுக்கு எப்படித் தெரியும்? வராத தபாலைப் போஸ்ட்மேன் பதிவேட்டில் எழுத மாட்டார்.

மாடிவீட்டு விண்டோசில் ஏன் ஒழுங்காக இருந்தது? அங்கே டிஸ்க் இல்லை. மின்டும் டிஸ்க்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தன. பழி மின்ட் மேல் விழுந்துவிட்டது.

சோதனை சுலபம். டிஸ்க்கை யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள், 480எம் என்று காட்டும், பேய் வராது. ஆனால் பேக்கப் மெதுவாகும். நிரந்தர வழி, ரிசீவரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் போட்டு டிஸ்க்கிலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைப்பது. யூஎஸ்பி 2 கேபிளே போதும். ஒன்று கேட்கிறேன்: பேக்கப் ஓடும்போது வைஃபையும் மந்தமாகுமே?

மெய்ப்பு_அக்கா

ஐயா, நீங்கள் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். 5000எம், 12எம், நீலப் போர்ட் எல்லாம் அப்படியே. வைஃபை மந்தமாவது மட்டும் இல்லை, மதியம் ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டுக் கேட்டால் 12 மணிக்குப் பாடகர் விக்குவார். அதை நான் ஹெட்செட்டின் வயசு என்று விட்டிருந்தேன்.

வலது பக்கம் ஒரு கறுப்புப் போர்ட் உண்டு, பிரின்டருடையது. பிரின்டரைப் பிடுங்கிவிட்டு ரிசீவரை அங்கே போட்டேன். 4 மணி பேக்கப்பில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு புள்ளிதான் விழுந்தது. ஆனால் எனக்குப் பிரின்டரும் வேண்டும், அந்த ஒரு புள்ளியும் வேண்டும்.

அதனால் இன்று காலை கிளம்பிவிட்டேன். ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிலையம் சிக்பேட்டை, அங்கிருந்து கம்ப்யூட்டர் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோடுக்கு நடை. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செருகும் கேபிள். நல்லவேளை, ரிசீவரைக் கைப்பையில் எடுத்துப் போயிருந்தேன், காட்டி, "இதன் வாலைப் பிடிக்கிற வாய் வேண்டும்" என்று தமிழிலேயே சொன்னேன், புரிந்துவிட்டது. ஒரு மீட்டர், நூறு ரூபாய்க்குள்.

இப்போது ரிசீவர் கீபோர்டின் தலைமாட்டில் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே படுத்திருக்கிறது. 12:01-க்குக் காத்திருந்து ஈவிடெஸ்டில் தட்டினேன். 1, 0, 1, 0, 1, 0. பத்து நிமிடம் அடித்தேன், ஒன்றும் விழவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி, திட்டாதீர்கள். இந்தப் பத்து நாளில் அடித்ததில் புள்ளி விழுந்த சொற்கள் எங்கெங்கே கிடக்கின்றனவோ தெரியாது. 'ான' என்று முடியும் சொல்லையெல்லாம் 'ான்' என்று மாற்ற ஏதாவது ஒரு வரிக் கட்டளை உண்டா?

கர்னல்_கண்ணன்

செட் என்று ஒன்று இருக்கிறது, ஒரே வரி, நொடியில் முடிந்துவிடும். எழுதித் தரவா அக்கா?

ஜாலஹள்ளி_ரிடையர்டு

தம்பி, பொறுங்கள். 'சரியான', 'முக்கியமான', 'அழகான' எல்லாம் என்ன ஆகும்?

மெய்ப்பு_அக்கா

ஐயோ, ஆமாம். 'அழகான் பெண்' என்று அச்சாகிவிட்டால் ஆசிரியர் என்னைத் தேடிப் பெங்களூருக்கே வந்துவிடுவார். கட்டளை வேண்டாம் தம்பி, எனக்குக் கண் இருக்கிறது. 140 பக்கம், இன்று ராத்திரி உட்கார்ந்தால் முடித்துவிடுவேன்.